இன்றைக்குப் பிந்தையது

எங்கள் துறையில் 'இன்று' என்பது
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது, ஜனவரி ஒன்று.
கார்பன் கணக்கு அங்கே நின்றுகொண்டுதான்
பின்னோக்கி எண்ணுகிறது.
முதுகலையின் முதல் வாரத்தில் இதைக் கேட்டதும்
கடைசி வரிசையில் ஸுராப் சிரித்தான்:
"அப்படியானால் நாம் யாரும் இன்னும் பிறக்கவே இல்லை."
நான் குறிப்பெடுத்துக்கொண்டேன்.
தேர்வில் வரலாம்.

கோடையில் அலசானிப் பள்ளத்தாக்கு.
பழைய எண்ணெய்ப் பீப்பாயில் மண்ணைக் கொட்டி
நீரைக் கலக்கினோம்.
கல் அடியில் தங்கும், கரி மேலே வரும்.
நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழைய அடுப்பிலிருந்து
மிதந்து வந்ததையெல்லாம்
மெல்லிய துணியில் முடிந்து
கோச்சா வீட்டுக் கொடியில் உலர்த்தினோம்,
அவருடைய சட்டைகளுக்கு நடுவே.

குளிர்காலம் முழுக்கத் திபிலிசியில்,
சன்னலில்லாத ஆய்வுக்கூடத்தில்,
நுண்ணோக்கிக்குக் கீழே தூரிகை நுனியால்
ஒதுக்கினேன்.
வேர். வேர். நத்தை ஓடு. வேர்.
களைவிதை.
வேர்.
பிறகு,
கரிந்த ஒரு வாற்கோதுமை,
வயிற்றில் ஓடும் பள்ளம்கூடக் கலையாமல்.
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
வியப்பில் இல்லை,
விட்டால் பறந்துவிடும்.

மொத்தம் பதினொரு மணிகள்.
பதினொன்றின்மேல் இரண்டு அத்தியாயம் எழுப்பினேன்:
அறுவடை, சேமிப்பு, மழை தவறிய வருடம், ஒரு குடியின் பசி.
அடுப்பருகே அவசரத்தில் ஒருத்தி சிந்தியிருக்கலாம் என்று
ஓர் அடிக்குறிப்பும்.
குத்தாயிசியிலிருந்து அம்மா கேட்பாள்,
"தங்கம் ஏதாவது கிடைத்ததா?"
"தங்கத்தைவிட…" என்று நான் தொடங்குவேன்.
வேலை கிடைக்குமா என்பதில் போய் முடியும்.

மார்ச்சில் முடிவு வந்தது.
அனுப்பியது மூன்று மணிகள்.
மூன்றுக்கும் நேரே ஒரே சொல்: நவீனம்.
அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்துவிட்டது
மூன்றின் உடம்பிலும் இருக்கிறதாம்.
அதாவது,
இன்றைக்குப் பிந்தைய தானியம்.

கோச்சாவை அழைத்தேன்.
பின்னால் டிராக்டர் இரைந்தது.
"அந்த மேடா? கூட்டுப்பண்ணை இருந்தவரைக்கும்
அங்கே வாற்கோதுமைதானே, தாதுலி.
அறுத்ததும் தாளைக் கொளுத்துவார்கள்.
புகைக்குள் ஓடி விளையாடியிருக்கிறேன்.
எலிகள் சும்மா இருக்குமா?"
டிராக்டரை அணைத்தார்.
"நீ ஏன் என்னிடம் கேட்கவே இல்லை?"

மூன்று மாதம் அவர் வீட்டு ரொட்டியைத் தின்றிருக்கிறேன்.
அவர் மேசையிலேயே உட்கார்ந்து
செத்தவர்கள் என்ன தின்றார்கள் என்று
பட்டியல் போட்டிருக்கிறேன்.

களவரைபடத்தை மறுபடி விரித்தேன்.
அடுப்பின் இடது ஓரம்,
மண் சற்றே தளர்ந்து, இரு விரல் அகலத்தில் ஒரு கறை
மேலிருந்து சாய்ந்து இறங்குகிறது.
பக்கத்தில் என் கையெழுத்து:
'வேர்த்தடம்?'
அந்தக் கேள்விக்குறியை
அடுத்த பக்கத்துக்குப் போகும் வழியில்
நான்தான் தொலைத்திருக்கிறேன்.

இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.
மூன்றாம் நாள் கோப்பைத் திறந்து
முதலிலிருந்து படித்தேன்.
அறுவடை, சேமிப்பு, பசி, அவசரத்தில் சிந்தியது…
அடிக்க வேண்டியது
நான் பயந்த அளவுக்கு இல்லை.
பல வாக்கியங்களில்
எழுவாயை மாற்றினால் போதும்.

என் நான்காம் அத்தியாயம் இப்போது
ஓர் எலியைப் பற்றியது.
பாழான வீடொன்றின் அடுப்புவரை வளை தோண்டி
குளிருக்கென்று கொண்டுவந்து வைத்து
திரும்பி வராமல் போனது.

மீதி எட்டு மணிகள்
ஒரு சின்னக் குப்பியில் இருக்கின்றன.
சேமிப்பறைச் சீட்டில்
'காலம்' என்ற கட்டம் காலியாக விட அனுமதியில்லை.
வெண்கலக் காலம் என்று முன்பு எழுதியதை அழித்து,
பென்சிலால் எழுதியிருக்கிறேன்:
கோச்சாவின் சிறுவயது.
யாராவது கேட்டால்
மாற்றிக்கொள்ளலாம்.